இலையில் வைத்த சேம்பு

அக்காவுக்குக் காதல் கதை சொல்ல வராது. தொடக்கமெல்லாம் பிரமாதமாகத்தான் இருக்கும். மழை பிடிக்கும், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரே கூரைக்குக் கீழே ஒதுங்குவார்கள், கேட்கிற எங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். சரியாக அந்த இடத்தில், அவர்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள், ராத்திரிக்கு என்ன இருக்கிறது, விறகு காய்ந்ததா நனைந்ததா என்று ஆரம்பித்துவிடுவாள். அடுப்பு பற்றுவதற்குள் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலில் அந்தப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். நான் ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. இப்போது எழுதினாலும் வேறு யாரையோ சொல்கிற மாதிரி இருக்கும். எனக்கு அவள் அக்கா, அவ்வளவுதான்.

சாவு வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். அக்கா அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போவாள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்பாள். மடியில் எந்நேரமும் ஒரு ரொட்டித் துண்டு முடிந்திருக்கும். ஒருமுறை நாங்கள் நாலைந்து பேர் ஹட்டனுக்குப் படம் பார்க்கப் போனோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் கதாநாயகன் அழகைப் பேசிக்கொண்டு வர, அக்கா மட்டும் உம்மென்று இருந்தாள். கேட்டதற்கு, அத்தனை மலை ஏறி இறங்கி ஆடினார்களே, ஒரு வாய் தண்ணீர் குடித்தார்களா என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

நான் அப்போது கொட்டகலைப் பக்கமிருந்து கல்யாணம் கட்டி அந்தத் தோட்டத்துக்கு வந்த புதிது. எனக்கு வாய்த்தவர் நல்ல மனிதர். ஆனால் பேசினால் வாய் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர். எனக்குக் காதல் கதை தேவைப்பட்டது. அக்காவை விட்டால் கதை சொல்ல ஆளும் கிடையாது.

அவளுடைய சொந்தக் கதை சுருக்கமானது. கணவன் இந்தியாவில் ஊரில் இருக்கிற காணியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தலைமன்னாருக்கு ரயிலேறி, அங்கிருந்து தனுஷ்கோடிக் கப்பலேறிப் போனவன். திரும்பி வரவில்லை. போனவர்கள் நினைத்தபடி திரும்பி வரமுடியாமல் சட்டம் வந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். அவன் அங்கே வேறு குடும்பம் வைத்துவிட்டான் என்று சிலர் சொன்னார்கள். எது நிஜமானாலும் அக்காவுக்கு ஒன்றுதான். தாலி கழுத்தில் இருந்தது, ஆள் இல்லை. லயம் என்கிற வரிசை வீட்டில் கொழுந்தனுக்கு இருந்த ஒற்றை அறைக் காம்பராவில், அவன் பெண்டாட்டி பிள்ளைகள் படுத்த இடம் போக, அடுப்போரத்தில் ஒரு சாக்கு அளவு இடம் அவளுக்கு. தனிப் பெண்ணுக்குத் தோட்டத்தில் காம்பரா கொடுக்க மாட்டார்கள். கொழுந்தன் வெளியே போ என்று சொன்னால் போவதற்கு இடமில்லை. மழைக்காலத்தில் அந்த லயத்துக்குள் புகையும் ஈரமும் சேர்ந்து மூச்சு முட்டும். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், அடுப்பங்கரை சூடாக இருக்கிறது என்பாள்.

கொழுந்து எடுக்கிற பெண்களைக் கங்காணி நிரை போட்டு நிறுத்துவார். ஒருத்திக்கு ஒரு நிரை. புதிதாக வந்தவள் என்று என்னை ஓரத்து முதல் நிரையில் போட்டார்கள். அடுத்த நிரை அக்காவுக்கு. அதற்கப்பால் எங்கள் மேல் லயத்துப் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். நடுவில் எங்கேயோ அக்காவின் கொழுந்தன் பெண்டாட்டியும் இருப்பாள். மறு ஓரத்தில், தொங்கலில், கீழ் லயத்துப் பெண்கள். கீழ் லயத்தில் இருந்தவை தப்படிக்கிற குடும்பங்கள். விடிவதற்கு முன்னால் வேலைக்குக் கூப்பிடுகிற பெரட்டுத் தப்பு அடித்து எங்களை எழுப்பிவிடுகிறவர்கள் அவர்கள்தான். எங்கள் சாவுக்கும் திருவிழாவுக்கும் அடிக்கிறவர்களும் அவர்கள்தான். ஆனாலும் அவர்கள் கையால் மேல் லயத்தில் யாரும் ஒரு மிடறு தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

அக்கா சத்தமாகப் பேசமாட்டாள். அவள் சொல்கிற கதை எனக்குக் கேட்கும், மறுபக்கத்து நிரைக்காரிக்குக் கேட்கும். அவள் அதை அடுத்தவளுக்குச் சொல்வாள். இப்படியே நிரை நிரையாகத் தாண்டி, கதை தொங்கலுக்குப் போய்ச் சேரும். தண்ணீர் தாண்டாத இடத்தைக் கதை தாண்டிப் போனது. அதைத் தடுக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் மழை விடாமல் அடித்தது. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, அட்டைக்கடியோடு நின்றோம். எதிர் மலை தெரியாது. சில நாள் நாலாவது நிரைக்காரியே தெரியமாட்டாள். அந்த மழையில்தான் அக்கா புதுக் கதையை ஆரம்பித்தாள். மேல் டிவிஷனில் கைவிடப்பட்ட ஒரு கொழுந்து மடுவம், கொழுந்து நிறுக்கிற கொட்டகை. மேல் லயத்துப் பெண் ஒருத்தி மழைக்கு அங்கே ஒதுங்குகிறாள். புருஷன் கப்பலேறிப் போனவள். ஏற்கெனவே அங்கே ஒரு ஆள் ஒதுங்கி நிற்கிறான். கீழ் லயத்துத் தப்புக்காரன். இரண்டு பேரும் முகம் பார்க்காமல் நிற்கும்போதே மலை சரிந்து பாதை மூடிக்கொள்கிறது. ஒரு பக்கம் மண், மறுபக்கம் ஆறு. வெளியே வரவும் முடியாது, வெளியிலிருந்து போகவும் முடியாது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்தத் தடவை அக்கா ஒழுங்காகச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். மறுநாள் வந்தாள், தீப்பெட்டி நனைந்துவிட்டது என்றாள். அந்தத் தீப்பெட்டியை அவன் அக்குளில் வைத்துக் காயவைத்ததிலேயே அந்த மலை முழுவதும் கொழுந்து எடுத்து முடித்தோம். பிறகு அவனுடைய பையிலிருந்த அரிசி. அதை அவன் அவளிடம் கொடுத்து, நீயே பொங்கு, நான் தொடவில்லை என்று தள்ளி உட்கார்ந்தான். அவள் பொங்கி அவனுக்கும் போட்டாள். அரிசி தீர்ந்தது. அவள் காய்ச்சலில் விழுந்தாள். இனி அவன்தான் சமைக்கவேண்டும்.

இங்கேதான் நிரைகளுக்குள் சண்டை மூண்டது. அவன் சமைத்து அவள் சாப்பிடலாமா? கொழுந்தன் பெண்டாட்டி நடு நிரையிலிருந்து, செத்தாலும் சாப்பிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். இன்னொருத்தி, காய்ச்சலில் தெரியாமல் சாப்பிட்டால் பாவமில்லை என்றாள். அவன் அவளைத் தொடுவானா மாட்டானா என்று கவலைப்பட்டவள் நான் ஒருத்திதான். மற்ற எல்லோருக்கும் அந்தச் சாப்பாடுதான் காதல். அதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் நாள் பிடித்தது.

அவன் பள்ளத்தில் காட்டுச் சேம்பைத் தோண்டி அவிக்கிறான் என்று அக்கா சொன்ன அன்று, தொங்கலிலிருந்து முதல் தடவையாக ஒரு செய்தி நிரை நிரையாகத் திரும்பி வந்தது. கீழ் லயத்துக் காத்தாயி சொல்லி அனுப்பியிருந்தாள். காத்தாயி புருஷனை இழந்தவள், தாயோடு தனியாக இருந்தவள். காட்டுச் சேம்பை வெறும் தண்ணீரில் அவித்தால் தொண்டை அரிக்கும், நோயாளி தாங்கமாட்டாள், தேயிலைக்கு அடியில் முளைக்கிற புளியாரையைப் பிடுங்கிப் போட்டு அவிக்கச் சொல்லு என்று. கேட்டதும் அக்காவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எடுத்த கொழுந்தைக் கூடைக்குள் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு கதையை இரண்டு ஓரமும் சேர்ந்து வளர்த்தன. அவன் எப்படிப் படுப்பான், எதற்குச் சிரிப்பான், அம்மாவை நினைத்தால் என்ன செய்வான் என்பதெல்லாம் தொங்கலிலிருந்து வரும். அவளைப் பற்றி அக்கா சொல்வாள். பொறுக்கமாட்டாமல் ஒருநாள், இந்தக் கதையில் காதலே வராதா என்று கேட்டுவிட்டேன். அக்கா கோபப்படவில்லை. அவள் சின்னப் பிள்ளையாக வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தபோது வேலைநிறுத்தம் நடந்து அரிசியை நிறுத்திவிட்டார்களாம். அவளுடைய அம்மா பிள்ளைகளைத் தூங்கவைக்கக் கதை சொல்வாளாம்.

"எங்கம்மா கதையில ராஜா மட்டும் சாப்பிடுவாரு புள்ள. கறியும் சோறுமா. நானும் தம்பியும் கேட்டுக்கிட்டுக் கெடப்போம். ஒருநாளு அவன் கேட்டுக்கிட்டே தூங்குனான். எந்திரிக்கல."

அதற்குப் பிறகு நான் காதலைப் பற்றிக் கேட்கவில்லை.

கதை தொங்கலோடு நின்றிருந்தால் ஒன்றும் வந்திருக்காது. புல்லு வெட்டுகிற ஆட்களின் காதிலும் விழுந்தது. அவர்களுக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. மேல் டிவிஷனில் மண் சரிந்து ஒரு பொம்பளையும் ஒரு ஆம்பளையும் மாட்டிக்கொண்டார்கள், அந்தப் பொம்பளைக்குக் காய்ச்சலாம் என்று. அந்த மழையில் யார்தான் நம்பமாட்டார்கள்? ஒரு கூட்டம் ஆண்கள் வேலையைப் போட்டுவிட்டு மண்வெட்டியும் கயிறுமாக மலையேறினார்கள். கொழுந்து மடுவம் அப்படியே இருந்தது. உள்ளே தோட்டத்துக் காவல்காரர் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவரை அவர்கள் காப்பாற்றித் தூக்கி வந்துவிட்டார்கள் என்று பிற்பாடு பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அது பொய். திட்டு வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா சும்மா விடவில்லை, போன எல்லோருக்கும் அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளத்தை வெட்டிவிட்டார்.

ஆண்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. கதையைக் கிளப்பியது யார் என்று விசாரித்து அக்காவிடம் வந்து நின்றார்கள். கதையில் வருகிறவளும் புருஷன் கப்பலேறிப் போனவள், சொல்கிறவளும் புருஷன் கப்பலேறிப் போனவள். போதாதா? ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோவில் வாசலில் கூட்டம் போட்டார்கள்.

யார் அந்த ஆள் என்று தோட்டத் தலைவர் கேட்டார். அப்படி ஒரு ஆள் இல்லை என்று அக்கா சொன்னாள். தோட்டத்துத் தப்புக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவர் பல் போன கிழவர். தம்மீது சந்தேகம் என்று தெரிந்ததும் அவருக்கு வந்த பூரிப்பைப் பார்க்கவேண்டும். வெட்கப்பட்டுத் தலைப்பாகையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதற்குள் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவர், அந்த மடுவத்து ஆள் கையில் கத்தி இருந்திருந்தால் ஆற்றுப் பக்கம் மரத்தைச் சாய்த்து அன்றைக்கே வெளியே வந்திருக்கலாமே என்றார். அந்த வெள்ளத்தில் மரம் நிற்காது என்று இன்னொருவர் மறுத்தார். கொஞ்ச நேரம் எல்லா ஆண்களும் அந்த இரண்டு பேரையும் வெளியே கொண்டுவர வழி தேடிக்கொண்டிருந்தார்கள். தலைவர் கையைத் தட்டி அடக்கவேண்டி வந்தது.

ஆனால் தீர்ப்பில் சிரிப்பு இல்லை. "அவ அந்தச் சாப்பாட்டத் தொடல, பட்டினியா கெடந்து செத்துட்டாள்னு நாளைக்கே சொல்லி முடிச்சிடணும்" என்றார் தலைவர்.

அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். "சாகச் சொன்னா சாகடிச்சிடுறேங்க. பட்டினியா மட்டும் முடியாதுங்க. என் கதையில யாரும் பட்டினி கெடக்க மாட்டாங்க."

அப்படியானால் கதையே வேண்டாம் என்றார்கள். கொழுந்தன் எழுந்து, இனிமேல் அந்த இரண்டு பேரைப் பற்றி ஒரு சொல் வந்தாலும், கீழ் லயத்தோடு ஒரு பேச்சு வைத்தாலும் அவள் பெட்டி வெளியே வந்துவிடும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். நான் முன்பே சொன்னேன், அவளுக்குப் போக இடமில்லை.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். கதை நின்ற இடம் மோசமான இடம். அவன் சேம்பை அவித்து, தோலுரித்து, ஒரு அகல இலையில் வைத்து அவளுக்கு முன்னால் தள்ளிவிட்டிருந்தான். அவள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதோடு நின்றுவிட்டது. மழையும் விடவில்லை. நாங்கள் நிரை நிரையாகப் போய்க்கொண்டிருந்தோம், அந்தப் பெண் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தாள். ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்தால் அவள் ஞாபகம் வந்து எனக்கு இறங்காது. அக்கா இன்னும் மோசம். மடியில் ரொட்டி இருக்கும், சாயந்திரம் அப்படியே திரும்பிப் போகும். கங்காணிகூட ஒருநாள், என்ன சத்தத்தையே காணோம் என்று கேட்டுப் பார்த்தார்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் தொங்கலிலிருந்து காத்தாயி எழுந்து வந்தாள். நிரைகளுக்குக் குறுக்கே, ஒவ்வொரு கூட்டமாகத் தாண்டி வந்தாள். கையில் சின்னத் தூக்குச்சட்டி. வழியில் உட்கார்ந்திருந்தவர்கள் தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் பார்த்தார்கள். எங்கள் முன்னால் வந்து நின்று, ஒரு அகல இலையைப் பறித்து அக்காவுக்கு முன்னால் விரித்து, சட்டியைத் திறந்து வைத்தாள். அவித்த சேம்பு. புளியாரையின் வாசம் வந்தது.

"புளியாரை போட்டுத்தான் அவிச்சேன். அரிக்குதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள் காத்தாயி. வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

கொழுந்தன் பெண்டாட்டி நடுவிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். வேண்டாம் அக்கா என்று சொல்லவும் நினைத்தேன், சாப்பிடு அக்கா என்று சொல்லவும் நினைத்தேன். அடுப்பங்கரைச் சாக்கு ஒரு பக்கம், அந்த இலை ஒரு பக்கம். அக்கா கொஞ்ச நேரம் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு விரலில் ஒட்டியிருந்த தேயிலைக் கறையைப் படங்கில் துடைத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். அவசரமில்லாமல் மென்று விழுங்கினாள்.

"அரிக்கல" என்றாள். அடுத்த துண்டை எடுத்தாள். இலையில் இருந்த அத்தனையையும் சாப்பிட்டு முடித்தாள்.

சாயந்திரம் நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அக்காவின் தகரப்பெட்டி காம்பராவுக்கு வெளியே இஸ்தோப்பில் இருந்தது. அக்கா சண்டை போடவில்லை, அழவும் இல்லை. நான்தான் அழுதேன். பெட்டியை அவள் தலைக்குத் தூக்கிவிட்டேன். அவள் கீழ் லயத்துக்கு இறங்கிப் போனாள். காத்தாயியின் காம்பராவில் மூன்றாவது ஆளாக அவளுக்கு இடம் கிடைத்தது. கண்டாக்கையா ஒன்றும் சொல்லவில்லை. கொழுந்து குறையாத வரைக்கும் யார் எங்கே படுத்தால் அவருக்கு என்ன? கங்காணி மட்டும் அவளுடைய நிரையைத் தொங்கலுக்கு மாற்றிப் போட்டார். எனக்கும் அவளுக்கும் நடுவில் முழு மலையும் வந்துவிட்டது.

இரண்டொரு நாளில் கதை மறுபடியும் தொடங்கிவிட்டது. இந்தத் தடவை தொங்கலிலிருந்து எங்கள் பக்கம் வந்தது. அக்கா சொல்லி, காத்தாயி சொல்லி, நிரை நிரையாகத் தாண்டி, கடைசியில் எனக்கு வரும். கொழுந்தன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் பக்கத்து நிரைக்காரிக்குச் சொல்லாமலும் விடமாட்டாள். அவள் சாப்பிட்டாளாம். காய்ச்சல் விட்டதாம். அவனும் அவளும் ஒரே இலையில் சாப்பிட்டார்களாம்.

மழை விட்டு வெயில் வந்த ஒரு காலையில், மண்ணை வெட்டிப் பாதை திறந்தாயிற்றாம், மேல் லயத்து ஆட்கள் மடுவத்து வாசலில் வந்து நிற்கிறார்களாம் என்று செய்தி வந்தது. எனக்குக் கை ஓடவில்லை. இரண்டு பேரையும் பிரித்துவிடுவார்கள், அவனை அடித்தே கொன்றுவிடுவார்கள். அப்புறம் என்ன என்று கேட்டு அனுப்பினேன். கேள்வி நிரை நிரையாகப் போயிற்று. பதில் தேத்தண்ணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. பக்கத்து நிரைக்காரி சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வந்தவங்களுக்கும் சேத்து ஒலை வச்சிருக்காளாம். சாப்பிடுவாங்களான்னு கேக்குறா."

முதல் நிரை என்னுடையது. எனக்கப்பால் அந்தக் கேள்வியைக் கேட்டு அனுப்ப யாரும் இல்லை, வெறும் காட்டு ஓரம்தான். நான் கூடையை இறக்கி வைத்தேன். எல்லோரும் பார்க்கப் பார்க்க நிரைகளுக்குக் குறுக்கே நடந்து தொங்கலுக்குப் போனேன். அக்கா கொஞ்சம் கறுத்திருந்தாள். பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். காத்தாயி இலையை விரித்தாள்.

இத்தனை தூரம் வந்தாயிற்று, இனியும் அடக்கிக்கொள்வானேன்? அவன் அவளைத் தொட்டானா இல்லையா என்று கேட்டேன்.

"மொதல்ல சாப்பிடு புள்ள" என்றாள் அக்கா.

சாப்பிட்டேன். அரிக்கவில்லை.